குடலிறக்கம் என்று சொன்னவன்

1.

தோள்பட்டை வலியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. வலி என்னுடையது. கதை இன்னொருவனுடையது.

மருத்துவமனையில் அறுவைப் பிரிவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இடம் இருந்தும் ஒருவன் நின்றுகொண்டே இருந்தான். தொளதொளத்த கால்சட்டையின் முன்பக்கத்தை இரண்டு விரலால் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். என்ன உடம்புக்கு என்று யாரோ கேட்டார்கள். குடலிறக்கம் என்றான்.

செவிலியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"முன்தோல் ஆபரேஷன் பண்ணவரு யாருங்க? கட்டுப் பிரிக்கணும், வாங்க."

யாரும் எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அவன், "தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, குழாய் இருந்த பக்கம் போகாமல் அந்தக் கதவுக்குள் போனான்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. [மூட்டை தூக்குகிறவன் என்பது மட்டும் நிச்சயம். பின்கழுத்தில் தோல் தடித்துப் போயிருந்தது. எங்கள் வீட்டில் எல்லோர் கழுத்தும் அப்படித்தான்.]

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவமானம் என்பது மனிதனுக்கு…'

அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் அவனே மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அவனுக்கு முன்தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. சிறுநீர் கழிக்கும்போது நுனி பலூன் மாதிரி உப்பியது. தோல் வெடித்தது, ஆறியது, ஆறின இடம் இன்னும் இறுகியது. மனைவியிடம் அலுப்பு என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். மூட்டை தூக்குகிறவன் அலுப்பு என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

டாக்டர் முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். வளர்ந்த ஆளுக்குப் புதிதாக இறுகினால் அதைத்தான் பார்ப்பார்களாம். சர்க்கரை இல்லை. களிம்பு கொடுத்தார். பலருக்கு அதிலேயே தளர்ந்துவிடும். தழும்பு விழுந்துவிட்ட இவனுக்குத் தளரவில்லை. கடைசியில் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, தோலை நீக்கி, தானாகக் கரைகிற தையலைப் போட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார். மனைவிக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது. மனைவியோடு சேர அதற்கும் மேல் பொறுக்க வேண்டும். ரத்தம் நிற்காவிட்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும்.

விடிகாலையில் உடம்பு தன் வழக்கத்தை விடாமல் எழும்ப, தையல் இழுத்து உயிர் போனது. அதையும் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னதால் வலி குறையவில்லை, பயம் குறைந்தது.

3.

கிடங்கில் அவனுக்கு ஜோடி அவன் மச்சான், மனைவியின் அண்ணன். அங்கே ஒரு முறை உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் அவன் பங்கு மூட்டையையும் ஜோடிக்காரன் சுமப்பான். எழுந்து வந்தவன், படுத்திருந்த நாளுக்கெல்லாம் ஜோடியின் பங்கைச் சுமந்து தீர்ப்பான். யாரும் எழுதி வைப்பதில்லை. முதுகுக்கு ஞாபகம் இருக்கும்.

மச்சான் வாய் திறக்காமல் ஒரு மாதம் இரண்டு ஆள் பாரம் சுமந்தார். அவரிடம்தான் இவன் குடலிறக்கம் என்று சொல்லியிருந்தான்.

[அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பெண் கொடுத்த வீட்டு ஆளிடம் இதை எந்த வாயால் சொல்வது? அதே கிடங்கில் சாக்கு தைக்கிறவருக்குக் கைக்குழந்தையிலேயே செய்துவிட்டார்கள். அவர் வீட்டில் அது மத வழக்கம், மறைக்க ஒன்றுமில்லை. அவரை இங்கே கொண்டுவந்து இவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வைத்தேன். மிக அழகாகப் பேசினார். அதனாலேயே நீக்கிவிட்டேன். வேலை நேரத்தில் யாரும் அவ்வளவு நேரம் பேச மாட்டார்கள்.]

பொய் சொல்லும்போது அவன் ஒன்றை மறந்துவிட்டான். தோலில் போட்ட தையல் ஆறிவிடும், ஆளும் பழைய ஆளாகிவிடுவான். ஆனால் குடலிறக்கம் என்றால் கிடங்கில் அவன் கதை முடிந்தது. திரும்பி வந்த அன்றே மேஸ்திரி அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். இரக்கத்தோடுதான் கொடுத்தார், அதுதான் கொடுமை. அவன் துடைப்பத்தைச் சாத்திவிட்டு லாரிப் பக்கம் போய் ஒரு மூட்டையின் காதைப் பிடித்தான்.

"மாப்ள, கைய எடு."

"டாக்டர் தூக்கலாம்னு சொல்லிட்டாரு மச்சான்."

"டாக்டரா வந்து தூக்கப் போறாரு? எங்க சித்தப்பாவும் இப்படித்தான் குடலிறக்கத்துக்கு அறுத்துட்டு வந்து தூக்கினாரு. மறுபடி அறுத்தாங்க. படுத்தவரு எந்திரிக்கல. எந்தங்கச்சிக்கு நான்ல பதில் சொல்லணும்?"

மூட்டையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். லாரிக்குச் சாய்த்திருந்த பலகையில் ஏறும்போது அவருடைய இடது முழங்கால் ஒரு கணம் யோசித்துத்தான் நிமிர்ந்தது. அவன் கண்கள் கலங்கி… [இல்லை. கலங்கவில்லை. குப்பையைக் கூட்டினான்.]

4.

இந்தப் பகுதி கதைக்குத் தேவையா என்று சந்தேகம். ஆனால் அவன் வீட்டில் பிறந்து சில மாதமே ஆன ஆண் குழந்தை இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

கடைசியாகக் காட்டப் போனபோது மனைவி குழந்தையோடு வந்தாள்.

"புள்ளைக்கும் இப்பவே பண்ணிட்டா, பின்னால இவரு மாதிரி அவஸ்தை இருக்காதுல்ல டாக்டர்?"

"கைக்குழந்தைக்கு அந்தத் தோல் ஒட்டித்தாம்மா இருக்கும். அது நோய் இல்ல. வளர வளரத் தானா விலகும். குளிப்பாட்டும்போது இழுத்து மட்டும் விட்டுடாதீங்க. இழுத்தா புண்ணாகி, தழும்பாகி, அப்புறம் நெசமாவே இறுகிடும்."

அவன் தரையைப் பார்த்தான். தனக்கு வந்தது பிள்ளைக்கும் வரக்கூடாதென்று குளிப்பாட்டும்போதெல்லாம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

டாக்டர் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. நம்பிக்கைக்காகச் செய்கிற குடும்பங்கள் உண்டு. சின்னதிலேயே செய்தால் சிறுநீர்த் தொற்று குறையும். ஆனால் ஆண் குழந்தைக்கு அது வருவதே அபூர்வம். பெரியவர்களுக்குச் சில பால்வினைத் தொற்றுகள் குறையும், அதற்காக ஆணுறையை விட முடியாது. ரத்தப்போக்கு, புண் என்று ஆபத்தும் உண்டு, குறைவுதான். செய்வதானால் பழகின கை வேண்டும், மரக்க மருந்து வேண்டும். அவசரமில்லை, பெற்றவர்கள் யோசித்துச் சொல்லலாம் என்றார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்:

"அண்ணன்கிட்ட உண்மைய நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நீ எப்படிடி சொல்லுவ?"

"அதான் கேக்கறேன். அண்ணி ராத்திரி அவருக்கு முழங்காலுக்கு ஒத்தடம் குடுத்துட்டு இருக்காங்க."

5.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

ஒன்று: சொல்லிவிடுகிறான். கிடங்கே சிரிக்கிறது. ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொள்கிறது. பேரப்பிள்ளை எடுத்தாலும் போகாது. ஆனால் அன்றே முதுகில் மூட்டை ஏறுகிறது.

இன்னொன்று: மச்சானும் குரலைத் தாழ்த்தி, தனக்கும் அதே வியாதி என்கிறார். எழுதுகிறவனுக்கு இது ரொம்ப வசதி. அதனால் வேண்டாம்.

மற்றொன்று: சொல்லாமலே இருந்துவிடுகிறான். துடைப்பம் கைக்குப் பழகி, கழுத்துத் தோல் மெலிந்து… [இதை எழுதி முடிக்க எனக்குக் கை வரவில்லை.]

இதோ லாரி வந்து நிற்கிறது. மச்சான் குனிந்து முதுகைக் காட்டிவிட்டார். துடைப்பத்தோடு அவன் பக்கத்தில் போய் நிற்கிறான்.

"மச்சான், அது குடலிறக்கம் இல்ல."

"பின்ன?"

குனிந்தவர் நிமிராமலே கேட்கிறார். லாரி மேலே இருப்பவன் மூட்டையை இறக்காமல் பிடித்துக்கொண்டு காது கொடுக்கிறான். அடுத்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. செவிலியர் கதவைத் திறந்து ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டபோது நீங்களும் இருந்தீர்கள். அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும். வேண்டுமானால் அவன் வாயில் போடுங்கள்.

போட்டாலும் போடாவிட்டாலும், மச்சானுக்கு அவன் சுமந்து தீர்க்க வேண்டியது ஒரு மாத மூட்டை. இதுவரை ஒன்றுகூடத் தீரவில்லை.