இடுப்புவரை இறங்கினால்தான் உதவி

எங்கள் சுரங்க ஊரான கோரமண்டலில் சாவதென்று முடிவெடுத்தவர்கள் தரைக்குள் இறங்க ஆரம்பித்தது, தங்கச் சுரங்கம் மூடப்பட்ட இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு கோடையில். முதலில் இறங்கியவர் சின்னசாமி. ரேஷன் கடை வரிசையில் அவர் முறை வந்தபோது கால் வரவில்லை. இரண்டு பாதங்களும் கணுக்கால்வரை சிமெண்டுக்குள் இருந்தன. சிமெண்டு உடையவுமில்லை, விரிசல் விடவுமில்லை. வயல் சேற்றில் நடப்பதுபோல் காலை இழுத்து இழுத்து நடந்து, சர்க்கரையும் வாங்கிக்கொண்டுதான் அவர் வீடு போய்ச் சேர்ந்தார். நாளொன்றுக்கு ஒரு விரற்கடை இறங்கினார். முழங்காலுக்கு மேல் போனதும் நடக்க முடியவில்லை. ஆவணி பிறப்பதற்குள் தலையும் மறைந்துவிட்டது. அந்த இடத்தில் தரை சமமாக, வழவழவென்று இருந்தது. வீட்டுக்காரர்கள் அதன்மேல் பாய் விரிக்காமல் சுற்றிப் போனார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தரைமேல் எப்போதும் சந்தேகம்தான். நூறு வருஷத்துக்கு மேல் அடியில் குடைந்த ஊர். கீழே பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும், சுவர் பிளக்கும். ஆகவே ஆள் இறங்குவதும் சுரங்கத்தின் வேலை என்று முடிவு கட்டி, நஷ்டஈடு கேட்டு மனு எழுதினோம். ஒன்றல்ல, பதினெட்டு மனு. கடைசியில் இரண்டு எஞ்சினியர்கள் ஜீப்பில் வந்து, இடுப்புவரை இறங்கியிருந்த ஒருவரைச் சுற்றி மெஷின் வைத்து அளந்து, தரை உறுதியாக உள்ளது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள். இறங்கிக்கொண்டிருந்த மனிதரிடம் அவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மனு எழுதி முடிப்பதற்குள் ஆறு பேர் போய்விட்டார்கள். இந்த முட்டாள்தனத்துக்கு வேறு யாரையும் பழி சொல்ல வழியில்லை.

வழி கண்டுபிடித்தவள் பார்வதம்மா. சுரங்கம் ஓடிய காலத்தில் அவளுக்கு லாம்பு ரூமில் வேலை. கீழே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கை எடுத்துக் கொடுத்து, ஷிஃப்டு முடிந்ததும் வாங்கி மாட்டவேண்டும். ஒரு விளக்கு திரும்பி வரவில்லை என்றாலும் அறையைப் பூட்டக் கூடாது. ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா தொடைவரை இறங்கியபோது, பார்வதம்மா எதிரே போய் உட்கார்ந்து, ஊரே வாயில் எடுக்கப் பயந்த கேள்வியைக் கேட்டாள். "அக்கா, சாவணும்னு தோணுதா?" கோவிந்தம்மா ஆமாம் என்றாள். பிறகு அழுதாள், திட்டினாள், பேசிக்கொண்டே இருந்தாள். விளக்கு திரும்பாமல் அறையைப் பூட்டாத பழைய பழக்கத்தில் பார்வதம்மா எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் கோவிந்தம்மாவின் கால் வெளியே வந்தது. அடுத்த இருபது வருஷத்தில் இப்படிப் பதினான்கு பேர் வெளியே வந்தார்கள். அதற்கு அவள் வாங்கிய கூலி, உட்கார்ந்த இடத்தில் ஒரு கிளாஸ் டீ.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் நாளைய ஒளி ஃபவுண்டேஷன் வந்தது. தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பலன் தரும் சிகிச்சை எல்லோருக்கும் எட்டவேண்டும் என்று கடல் தாண்டி ஒரு பணக்காரர் நிதி கொடுத்திருந்தார். மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். அது பெங்களூர் வந்து இறங்கியதும் முதலில் ஒரு கார் ஆயிற்று, பிறகு பேனர் ஆயிற்று, பிறகு நட்சத்திர ஓட்டலில் மூன்று நாள் கருத்தரங்கு ஆயிற்று. கருத்தரங்கில் மனிதன் தரைக்குள் இறங்குவதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக் கைதட்டினார்கள். மிச்சம் இருந்ததோடு கிரிஷ் என்ற மேனேஜர் எங்கள் பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் ஒரு மாடி பிடித்து ஆபீஸ் போட்டார். சிகிச்சை எல்லோருக்கும் எட்டவேண்டிய ஆபீஸுக்கு இருபத்திரண்டு படி. கால் தரைக்குள் இருப்பவன் படி ஏறுவது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை.

பார்வதம்மாவுக்கு ஊதா நிற டீ-ஷர்ட்டும் ஒரு டேப்லெட்டும் மாதம் எட்டாயிரமும் கொடுத்தார்கள். புடவைக்கு மேல் டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. இருபது வருஷம் டீக்கு உழைத்தவளுக்குச் சம்பளம் என்றதும் கண் மங்கிவிட்டது. அவள்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் உண்டு. எழுதியிருந்தது இதுதான். உயர் ஆபத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே உதவி. உயர் ஆபத்து என்றால் இடுப்பு. இடுப்புவரை இறங்காதவர்களிடம் அவள் போய் உட்காரக் கூடாது, கணக்கு குழம்பும். உட்கார்ந்தால் ஒருவருக்கு இருபது நிமிஷம்.

சென்ற வருஷம் மாசியில் சுனில் இறங்கினான். தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தவன். வேலை போய் இரண்டு மாதம் ஆகியும் வீட்டில் சொல்லாமல், சீருடை போட்டு, டிபன் பாக்ஸோடு ரயிலேறி, சும்மா போய்ச் சும்மா வந்துகொண்டிருந்தான். ஒரு நாள் பிளாட்பாரத்தில் கால் மாட்டிக்கொண்டதில் ரயிலும் போயிற்று, விஷயமும் வெளியே வந்தது. முழங்காலைத் தாண்டிய அன்று அவன் மனைவி ஷோபா இருபத்திரண்டு படி ஏறிக் கிரிஷ் முன்னால் நின்றாள்.

"எவ்வளவு மேடம்?"

"தொடை வரிக்கும் வந்துட்ச்சி சார். பார்வதக்காவ அனுப்புங்க."

"தொடைக்கு நம்ம ப்ராஜெக்ட்ல இல்ல மேடம். இடுப்பு வந்ததும் ஒரு போன் பண்ணுங்க, உடனே வந்துடுவோம்."

"அவுரு முழுசா போறதுக்கு இன்னாத்துக்கு சார் காத்துக்கினு இருக்கணும்?"

கிரிஷ் அவளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார். அதில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. மூலையில் நின்றிருந்த பார்வதம்மா டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பத்து நாளும் அவள் சுனில் வீட்டுப் பக்கம் போகாமல், தண்ணீர் பிடிக்கக்கூட அடுத்த தெருவுக்குப் போனாள். ஷோபா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இடுப்பு வந்த அன்று கார் வந்தது. அளவு நாடா வந்தது, போட்டோ எடுப்பவர் வந்தார். ஷோபா அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது படத்துக்கு நன்றாக இருக்கும் என்று இன்னொரு தரம் ஊட்டச் சொன்னார்கள். அவளும் ஊட்டினாள், வேறு என்ன செய்வாள்? அந்தப் படம் பிடிக்கிற நேரத்துக்குள் சுனில் மார்புவரை இறங்கிவிட்டான். ஒரு விரற்கடைக் கணக்கெல்லாம் அன்று இல்லை. பார்வதம்மா அவன் எதிரே தரையில் குப்புறப் படுத்தாள். அப்போதுதான் இருவர் முகமும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"சுனிலு, சாவணும்னு தோணுதாடா?"

"தோணுதுக்கா. அப்பவே நீ வருவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவள் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்தாள். அவன் பேசினான். சும்மா போய் வந்த ரயில் பெட்டியைப் பற்றி, பெங்களூர் ஸ்டேஷன் பெஞ்சில் தனியாகத் தின்ற எலுமிச்சை சாதத்தைப் பற்றி. இருபது நிமிஷத்தில் டேப்லெட் கூவியது. கிரிஷ் வாசலில் நின்று வாட்சைத் தட்டினார். பார்வதம்மா படுத்தபடியே டீ-ஷர்ட்டைத் தலைவழியாகக் கழற்றி, டேப்லெட்டை அதில் சுற்றி அவர் பக்கம் தள்ளினாள்.

"டைம் உங்களுக்குத்தான் சார் முடிஞ்சிட்ச்சி. நீங்க போங்க."

அவர் போனார். அவள் மூன்று நாள் அங்கிருந்து போகவில்லை. மார்பு இடுப்பாகி, இடுப்பு தொடையாகி, மூன்றாம் நாள் முழங்காலில் வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை. இடுப்புக்குக் கீழே வந்துவிட்டதால் சுனில் முழுக்கக் குணமானவன் என்று ஃபவுண்டேஷன் எழுதிக்கொண்டது. ஷோபா சோறு ஊட்டும் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. ஆறு மாதத்தில் நிதி கொடுத்தவரின் அக்கறை கடலாமைகள் பக்கம் திரும்பிற்று. மாடி காலியாகி, இப்போது அங்கே டியூஷன் நடக்கிறது. ஆமைகளை எந்த மட்டத்தில் அளக்கிறார்களோ தெரியாது.

சுனில் முழங்கால்வரை தரையில் அமிழ்ந்தபடியே நடக்கிறான். பஜாரில் மொபைல் ரிப்பேர் கடை போட்டிருக்கிறான். மேஜையின் காலை அவன் உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் குனிந்து போனைக் கொடுக்கிறார்கள், குனிந்து வாங்கிக்கொள்கிறார்கள், யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. போன வியாழக்கிழமை பார்வதம்மா கீரைக்கட்டோடு கடையைத் தாண்டிப் போனபோது அவன் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னிக்குத் தோணுது. கொஞ்சம் ஒக்காரு."

அவள் கீரையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.