அடி தெரியாத தண்ணீர்

கோடை வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து சேரும் முன்பே, கே.கே. நகரிலிருந்த அந்த நீச்சல் குளத்தின் படியில் நின்று குனிந்து பார்த்தாள் பயிற்சியாளர் இசைவாணி. அடியில் பதித்திருந்த கறுப்புக் கோடு தெரியவில்லை. தண்ணீர் அரிசி கழுவிய நீர்போலக் கலங்கிக் கிடந்தது. வடிகட்டும் மோட்டார் பழுதாகிச் சில நாட்களாகிவிட்டன. தண்ணீரில் குளோரின் எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு என்று சோதிப்பதையும் விட்டுவிட்டார்கள். குத்துமதிப்பாகப் பவுடரை அள்ளிக் கொட்டியதில் பிள்ளைகள் கண் சிவந்து வீட்டுக்குப் போனார்கள்.

பூட்டிப்போட்டுச் சரிசெய்யலாம் என்று உரிமையாளர் பாண்டிராஜிடம் சொல்லிப் பார்த்தாள். லீவு நேரத்தில் பூட்டினால் கூட்டமெல்லாம் வேறு குளத்துக்குப் போய்விடும் என்றார் அவர். அவளும் அதோடு விட்டுவிட்டாள். கண்ணெரிச்சலைப் பற்றிக் கேட்ட பெற்றோரிடம், புதுத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று சிரித்த முகமாகச் சொன்னாள். ஆனால் தினமும் கூட்டிவரும் தன் மகள் அஸ்வினியை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொண்டாள்.

முத்துமீனாவுக்குத் தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை. ஒரே மகன் சித்தார்த்தைக் குளத்தில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவள், அன்று நின்று விசாரித்தாள்.

"பாப்பா ஏன் வரல டீச்சர்?"

"லேசாச் சளிக்கா."

வகுப்பு முடிந்து கரையேறிய பிள்ளைகளில் ஒரு தலை குறைந்தது. கழிப்பறையில் தேடினார்கள், வாசலில் தேடினார்கள். தண்ணீரில் தேடவேண்டும் என்று தோன்ற வெகுநேரமாகிவிட்டது. இசைவாணி முங்கிக் கையால் தடவித் தடவித்தான் சித்தார்த்தைக் கண்டுபிடித்தாள். இவ்வளவு நேரம் அவள் நின்று சொல்லிக்கொடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அமுக்கினாள், வாயில் ஊதினாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

பாண்டிராஜ் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "பையன் சொல்பேச்சு கேக்காம ஆழத்துக்குப் போயிட்டான்னு சொல்லிரும்மா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

செத்த பிள்ளைமேல் பழிபோட அவளுக்கு நாக்கு எழவில்லை. தகவல் கேட்டு ஆபீஸிலிருந்து ஓடிவந்து, ஆஸ்பத்திரிச் சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்துமீனாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"அவன் எங்கயும் போகலக்கா. எம் பக்கத்துலதான் கெடந்தான். தண்ணி கலங்கியிருந்ததுல எனக்குத் தெரியல. அது ஆகாத தண்ணின்னு தெரிஞ்சுதான் பிள்ளைகள எறக்குனேன். அஸ்வினிக்குச் சளியெல்லாம் இல்லக்கா. பயந்துக்கிட்டு வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

முத்துமீனா அவளை அடிக்கவில்லை, வையவும் இல்லை.

"உங்க பிள்ளைக்கு ஆகாத தண்ணி எந்தப் பிள்ளைக்கும் ஆகாதுல்ல டீச்சர். ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் எம்பிள்ளைய வீட்டுல விட்டுட்டுப் போயிருப்பேனே."