இரண்டாவது லைன்

கல்லூரி வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், ஆராய்ச்சி அலுத்துவிட்டது என்றேன். பொய். ஏழு வருடம் தற்காலிக விரிவுரையாளராக, ஒவ்வொரு ஜூனிலும் பணி ஆணைக்குக் கைகட்டி நின்றதுதான் அலுத்துப்போயிருந்தது. எங்கள் மராட்டிய நகரத்தில், பாணேர் பகுதியில் ஒரு முதலீட்டு நிறுவனம் மூன்று மடங்கு சம்பளம் தருவதாகச் சொன்னதும் ஓடினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு.

சேர்ந்த நான்காவது மாதம், தளேகாவில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு தொழிற்சாலையை வாங்கலாமா என்று ஆராயச் சொன்னார் மேலாளர் ஷ்ரேயஸ். எனக்குத் தெரிந்த தொழிற்சாலைதான். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காக, அங்கே வேலை செய்யும் மரியம்மாள் அக்காவை போபோடியில் அவர் வீட்டிலேயே ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் பேட்டி எடுத்திருந்தேன். ஒரு நாள்கூடச் சோறு போடாமல் அனுப்பியதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டாவது லைன் மெஷின் செத்து மூணு வருஷம் ஆச்சு டீச்சர். நாங்க இருபத்திரண்டு பொம்பளைங்கதான் பிளேடு வச்சு ஓரம் நறுக்குறோம். பெரிய ஸாப் யாராச்சும் வந்தா மெஷினச் சும்மா ஓட விடுவானுங்க."

ஆய்வேட்டில் அந்த உழைப்பைப் புகழ்ந்து ஓர் அத்தியாயமே எழுதினேன். நிறுவனத்துக்கு அதையே ஒரு வரியாகச் சுருக்கினேன்: இரண்டாவது லைன் கையால்தான் நடக்கிறது, மூடிவிட்டால் லாபம் கூடும். ஷ்ரேயஸ் அசந்துபோனார். எந்த ஆவணத்திலும் இல்லாத இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். கள ஆய்வு என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். எழுதும்போது அக்கா நினைவுக்கு வராமல் இல்லை. வந்தார். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு எழுதினேன்.

எங்கள் நிறுவனம் தொழிற்சாலையை வாங்கியது; மார்ச்சில் லைனை மூடினார்கள். அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார்.

"டீச்சர், இருபத்திரண்டு பேருக்கும் சுட்டி குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டானுங்க. இனிமே காம் இல்லையாம், வேற வேல தேடிக்கணுமாம். உங்க காலேஜ்ல யாராச்சும் வக்கீல் இருந்தா கேட்டுச் சொல்றீங்களா?"

நான் கல்லூரியை விட்டதே அவருக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். மூன்றாம் நாள் போபோடிக்கே போனேன். சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அறைந்தால் இன்னும் நல்லது என்று நினைத்தேன்.

உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புது வேலையை, அறிக்கையை, அந்த ஒரு வரியை. அக்கா திட்டவில்லை. எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் அதே லைன் பெண்கள்தான்.

"நீங்க எழுதினது நான் சொன்னதா?"

"ஆமாக்கா."

"அப்ப இத்தன பேர் வயித்துல அடிச்சது நான்தானா?"

"ஐயோ, இல்லக்கா. நான்தான். தப்பு என்னோடது."

அவர் காதில் அது விழவே இல்லை. "இந்த வாயி, இந்த வாயி" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். என் பாரம் இறங்க வேண்டும் என்றுதான் வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, இந்தத் தடவையும்.

கதவைத் தட்டினார்கள்.

"மரியக்கா, டீச்சர் வந்திருக்காங்களாமே? வக்கீல் கெடச்சாச்சா?"

அக்கா திறக்கவில்லை. என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தார்.