இஞ்சினை அணைத்து ஓடிய பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் கார் பந்தயம். புதன்கிழமை காலையிலேயே ஸம்பத்குமார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இஞ்சினைக் கழட்டிடு தணிகாசலம். நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வேற வரது.”

புதுவாயலில் லாரிப் பட்டறை வைத்திருந்த தணிகாசலம் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பழைய பியட் காரின் இஞ்சினை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து இழைத்து இழைத்துச் செய்திருந்தான். பக்கத்தில் நின்ற யதிராஜனுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பிள்ளை அவன், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தான், தணிகாசலத்தின் சிநேகிதன். ஸம்பத்குமார் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். கார் அவருடையது, பந்தயத்தில் ஓட்டுவதும் அவர்தான்.

“அத்திம்பேர், இஞ்சினைத் தனியா மேடையில ஏத்தி அளந்தப்போ அறுபது குதிரை சக்தி இருந்ததே. நீங்களும்தானே பாத்தேள்?”

“அந்த அறுபதும் எங்கேடா போச்சு? நேத்து ஒரு அம்பாசடர்காரன் டாட்டா காமிச்சுட்டுப் போறான்!”

“சக்கரத்துக்குப் போற வழியில கொஞ்சம் போகத்தான் செய்யும். கியர் பெட்டி, நீளத் தண்டு, பின் அச்சு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்னும். நூத்துக்குப் பதினைஞ்சுன்னு புஸ்தகத்துல இருக்கு.”

“பதினைஞ்சு போனா இப்படியா இருக்கும்? கழட்டச் சொல்லு.”

சக்கரத்தில் வந்து சேரும் சக்தியை அளக்க அந்தப் பக்கத்தில் யந்திரம் எதுவும் கிடையாது. யதிராஜன் எதிரே லட்சுமியம்மாள் டீக்கடையில் போய் உட்கார்ந்தான். அப்போது வரதனின் டாக்சி வந்து நின்றது. அதுவும் பியட்தான். யதிராஜன் டீயை வைத்துவிட்டு எழுந்து, வரதனையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினான்.

“ரெண்டும் ஒரே உடம்பு, ஒரே டயர். காத்து ரெண்டையும் ஒரே மாதிரிதான் தடுக்கும். ஐம்பது மைல் வேகத்துல வந்து, ஒரே மைல்கல்லுல நியூட்ரல்ல போட்டு, இஞ்சினை அணைச்சுடுவோம். எந்த வண்டி முதல்ல நிக்கறதோ, திருடன் அதுக்குள்ள இருக்கான். அவன் இஞ்சின்ல இல்லேன்னும் தெரிஞ்சுபோகும்.”

“ஓடாம ஓடுற ரேஸா? நான் ரெடி சார்,” என்றான் வரதன்.

பந்தயக் காரில் பின் சீட்டைக் கழற்றியிருந்ததால் எடை குறைவு. தணிகாசலத்தின் அப்பா கலியன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நெல் மூட்டைகளை ஏற்றிச் சரிக்கட்டினார்கள்.

இரண்டு கார்களும் சத்தமாக வந்து, மைல்கல்லைத் தாண்டியதும் ஊமையாயின. டயர் உரசும் ஓசை மட்டும் கேட்டது. கொஞ்ச தூரத்திலேயே டாக்சி முந்தியது. அது சாவகாசமாக உருண்டு டீக்கடை வாசலைத் தாண்டியபோது, பந்தயக் கார் எங்கோ பின்னால் ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. ஸம்பத்குமார் இறங்கி நடந்து வந்தார்.

“இன்னா சாமி, ரேஸ் காரு அங்கியே குந்திகிச்சு? கயிறு குடுக்கட்டா?” என்றாள் லட்சுமியம்மாள்.

“சோழவரத்துக்கு என் டாக்சிய எடுத்துக்கினு போங்க சார்!” என்றான் வரதன்.

தணிகாசலம் காருக்கடியில் நுழைந்து பின் அச்சைத் தொட்டான். “அய்யோ! அடுப்புல வச்ச சட்டி மாதிரி சுடுதுடா யதி!”

“காணாமப் போன குதிரையெல்லாம் அங்கேதான் வெந்துண்டிருக்கு!” என்று யதிராஜன் குதித்தான்.

பின் அச்சுப் பெட்டியின் அடி மரையைத் திறந்தார்கள். எண்ணெய் ஒழுகவில்லை. கறுப்பு அல்வா ஒன்று எட்டிப் பார்த்தது. விளக்கெண்ணெய் வாசனை வேறு. தணிகாசலம் மெதுவாக அப்பா பக்கம் தலையைத் திருப்பினான்.

“நைனா, பூசை அன்னிக்கு அச்சுக்கு மை வையின்னு சொன்னேனே, இன்னா பண்ண?”

அவர்கள் ஊரில் புது மாட்டுவண்டியானால், வீட்டுப் பெரியவர் விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சுக்குப் போட்ட பிறகுதான் தெருவில் இறங்கும். அந்த மரியாதையைத் தணிகாசலம் காருக்கும் செய்திருந்தான். அதன் பிறகுதான் முதல் ஓட்டமே.

“வெளிய ஒரு பொட்டு வையின்னு நீ சொன்னே. அச்சு உள்ள இருக்குது, வெளிய வச்சி இன்னா புண்ணியம்? மரையத் தொறந்து ரெண்டு டப்பா கிரீசு அடைச்சேன். மேல நம்மூட்டு வண்டி மையி,” என்றார் கலியன். “வேகமா ஓடுற வண்டியாச்சே. கஞ்சத்தனம் பண்ணலாமா?”

முதலில் காருக்கடியிலிருந்து சிரிப்பு வந்தது. ஸம்பத்குமார் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மெட்ராஸ்காரனுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லணும். கழட்ட வேண்டியது இஞ்சின் இல்லே,” என்றார்.

அச்சை மண்ணெண்ணெயில் கழுவி, இளகலான எண்ணெய் ஊற்றி, சாயங்காலம் மறுபடி உருட்டினார்கள். இந்தத் தடவை பந்தயக் கார் டீக்கடையையும் டாக்சியையும் தாண்டிப் போனது. நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த கலியன் வரதனுக்குக் கை காட்டிக்கொண்டே போனார்.

யதிராஜன் பானெட் தூசியில் விரலால் கணக்குப் போட்டான். “முன்னே நூத்துக்கு முப்பது வழியிலேயே போயிருக்கும் அத்திம்பேர். இப்போ பதினெட்டு இருக்கலாம்.”

“இருக்கலாமா?”

“மதிப்புதானே. கியர் பல்லு மேல பாரம் ஏறினா போற சக்தி உருட்டிப் பாத்தா தெரியாது. அதுக்கும் சேத்து ஒரு குத்துமதிப்பு.”

ஞாயிற்றுக்கிழமை பியட் இரண்டாவதாக வந்தது. டாட்டா காட்டிய அம்பாசடர் அதற்குப் பின்னால்தான். கூட்டத்தில் கலியன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “எவ்ளோ கழுவினாலும் என் மை கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்திச்சி. அதான் ரெண்டாவதா வந்துச்சி.”

தணிகாசலம் கடைசிவரை அதை மறுக்கவேயில்லை.