நீல மெத்தை போட்ட இடம்

அந்தக் கிறிஸ்தவச் சபையில் செத்தவர்களுக்கும் இடம் உண்டு. ஒருவர் போய்விட்டால், அவர் உட்கார்ந்த இடத்தில் வீட்டார் ஒரு சின்ன மெத்தையைப் போட்டுவிடுவார்கள். பிறகு அங்கே யாரும் உட்காரக் கூடாது. நல்ல வழக்கம்தான். ஆனால் பிள்ளைகள் வேலை தேடித் திசைக்கொருவராகப் போய்விட, பெரியவர்களும் ஒவ்வொருவராகக் கண்ணை மூட, இப்போது ஆட்களைவிட மெத்தைகள்தான் அதிகம். மிச்சமிருந்தவர்கள் மூலைக்கொருவராக உட்கார்ந்து, ஆளுக்கொரு வேகத்தில் பாடினார்கள்.

மெத்தைகளையெல்லாம் தைத்துக் கொடுத்தவள் தையல்காரம்மா. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் கிடந்த நீல மெத்தை அவள் புருஷனுடையது. அதை ஒட்டியே அவள் உட்காருவாள்.

"மெத்தைகளை எடுத்துட்டு எல்லாரும் முன்னால வந்து உட்காரலாமேம்மா. நாலு பேர் புதுசா வரலைன்னா இந்தக் கோயிலை மூடிடுவாங்க" என்று போதகர் சொன்ன நாளிலிருந்து அவள் அவரை நம்பவில்லை. வந்து வருஷம்கூட ஆகாத மனுஷனுக்கு இத்தனை அவசரம் எதற்கு? கட்டடத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார், வேறென்ன! அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனால், அவளுக்கு ஜெபத்தில் மனசு நிற்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தேகத்துக்குக் கையும் காலும் முளைத்தது. முன்பின் தெரியாத ஒருவன் வந்தான். வாசற்படியைக் காலால் அழுத்திப் பார்த்தான். பெஞ்சுகளுக்கு நடுவே அடிமேல் அடி வைத்து அகலம் பார்த்தான். பெஞ்சு ஓரத்தில் சாண் போட்டான். ஆயுசு முழுக்க அளவெடுத்தவளுக்கு அளவெடுக்க வந்தவனைத் தெரியாதா?

அவன் நீல மெத்தையைக் காட்டி, "இந்த இடம் காலியாம்மா?" என்றான்.

"ஆள் இருக்கு."

"முன்னால?"

"அங்கயும் ஆள் இருக்கு."

"பின்னால?"

"எல்லாத்துக்கும் ஆள் இருக்கு!"

அவன் வெறும் பெஞ்சுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு வெளியே போய்விட்டான். ஆராதனை முடியும்வரை அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முடிந்ததும் போதகரைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன். இனிமே எவனையாவது அளக்க விட்டீங்க, அப்புறம் இருக்கு!"

போதகரின் முகம் தொங்கிப்போயிற்று. "போயிட்டாரா? ஐயோ! அவங்க அம்மாவால நடக்க முடியாதும்மா. வீல்சேர் உள்ள வருமா, ஓரமா நிறுத்த முடியுமான்னு பார்த்துட்டு, குடும்பத்தோட நம்ம சபையில சேர்றேன்னாரு. நான்தான் போன் மேல போன் போட்டு வரச் சொன்னேன்."

தையல்காரம்மா அதையும் நம்பவில்லை. "விலாசம் குடுங்க. நானே போய்ப் பார்த்துக்கிறேன்."

மறுநாள் போனாள். கதவைத் திறந்தவன் அவனேதான். அவளைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே, ஜன்னலோரம் வீல்சேரில் இருந்த வயதான அம்மாள் முகம் மலர்ந்து, "அந்தக் கோயில்லேர்ந்தா வர்றீங்க? சரியான கூட்டமாம், உட்கார இடமே இல்லையாம். இவன் வந்து சொன்னான். கேக்கவே சந்தோஷமா இருந்துச்சும்மா" என்றாள்.

அவமானத்தில் தையல்காரம்மா கூனிக் குறுகிப்போனாள். அவன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இடம் இருக்கும்மா" என்றாள் அவள். "நீங்க வாங்க."

அந்த வாரமே தச்சரைக் கூட்டி வந்து, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தை அறுக்கச் சொன்னாள். ரம்பம் ஓடியபோது நீல மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நடுவில், நிறுத்தச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீல்சேர் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. வயதான அம்மாள் அறுபட்ட மரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க யாரும்மா உட்காருவாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"அடடா, அவர் வந்துட்டா என்னால எந்திரிச்சு இடம் விட முடியாதே!"

இத்தனை வருஷமாக வாய்விட்டுச் சொல்லாததைத் தையல்காரம்மா சொன்னாள்.

"அவர் வர மாட்டார்ம்மா. நீங்க இருங்க."