கேப்டன் கட்டில்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்கிறவன் நாக்கு அழுகட்டும். பழைய மரச்சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர், தன் படுக்கையறையில், தன் பழங்கட்டிலில், ஒருவரையும் எழுப்பாமல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நடந்தது நடந்தபடி கீழே.

“சாய்ங்க மாப்பிள்ளை. இன்னும் சாய்ங்க. ஐயோ, என் பக்கம் இல்ல, உங்க பக்கம்!”

படுக்கையறைக்குள் கத்திக்கொண்டிருந்தவர் வார்னிஷ். கடையில் ஆரம்ப நாளிலிருந்து பாலிஷ் போடுகிறவர். சொந்தப் பெயர் என்னவென்று அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். மாப்பிள்ளைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பது அந்த வீட்டுக்கு இன்று காலையில்தான் தெரிந்தது. இறந்தவர் கூடத்தில், தரையில், வெள்ளைத் துணிக்குள் இருந்தார். “அப்பாவத் தரையில போடாதீங்க, அவரு கட்டில்லயே கிடத்துங்க, வர்றவங்க பாக்கட்டும்” என்று மகள் அழுதாள். கழற்றாமல் அந்தக் கட்டில் கதவைத் தாண்டாது. அதனால் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரரின் மனைவி அறை வாசலில் நின்று பார்த்தாள். இன்னும் அழவில்லை. அழுகை வரும், எங்கே போய்விடப் போகிறது என்று இருந்தாள்.

கல்யாணமான புதிதில் அவர் அவளைக் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், விளக்கைப் போட்டு, மூன்று கட்டில்களைக் காட்டினார். ஒன்றில் பறவைகள் செதுக்கியிருந்தன. ஒன்றில் பித்தளைக் குமிழ்கள். மூன்றாவது வெறும் மொட்டைக் கட்டில். “நீ எதைத் தொடறியோ, அது நம்ம ரூமுக்கு” என்றார். அவள் மொட்டைக் கட்டிலைத் தொட்டாள். அதன் பக்கச் சட்டத்தில், எழுந்திருக்கும்போது கையூன்றும் இடத்தில், ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. யாரோ ஒருத்தி வருஷக்கணக்காகக் கையூன்றி எழுந்த இடம். கப்பல் கேப்டன் ஒருவரின் மனைவி என்று அவர் சொன்னார். கேப்டன் திரும்பி வரவேயில்லையாம். அவள் இந்தக் கட்டிலிலேயே காத்திருந்து கண்ணை மூடினாளாம்.

அவருடைய கதைகள் அவளுக்குத் தெரியாதவை அல்ல. ஊரில் ஒரே நீதிபதியின் எழுதுமேஜை ஒன்பது வீடுகளில் இருந்தது. ஒன்பதையும் விற்றவர் அவர்தான். அந்த நீதிபதிக்கு வேறு வேலையே இருந்திருக்காது. புது மரத்தைப் பழசாகக் காட்டச் சைக்கிள் செயினால் அடிப்பார்கள். தேயிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். பிறகு, அவளிடம் வரும். வண்டு துளைத்த ஓட்டை போடுவது அவள் வேலை. எல்லாரும் நேராகத் துளைப்பார்கள். அவள் மட்டும் கை டிரில்லைச் சாய்த்துச் சாய்த்து, வண்டுக்கு என்ன அவசரம் என்பதுபோலப் போடுவாள். அசல் வண்டு பார்த்தால் வெட்கப்படும் என்று வார்னிஷ் சொல்வார்.

“கட்டிலுக்குள்ள ஒரு சாவு இருக்கணும்” என்பார் கடைக்காரர். “அப்பதான் வாங்கறவன் குரலை எறக்கிப் பேசுவான். குரலை எறக்கினா வாங்கிட்டான்னு அர்த்தம்.”

அவளுக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் சிரிப்பு நின்று, “என்கிட்டயும் இப்படித்தானா?” என்று கேட்டுவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குக் கூட்டிப்போனார். கட்டிலைத் தட்டினார்.

“ஊர்ல யார்கிட்ட வேணா சொல்லுவேன். இந்த ரூமுக்குள்ள ஒரு பொய் சொல்ல மாட்டேன். போதுமா?”

போதும் என்றுதான் இத்தனை காலம் இருந்தாள். தினமும் காலையில் அந்தப் பள்ளத்தில் கையூன்றித்தான் எழுந்தாள். முகம் தெரியாத அந்தக் கேப்டன் மனைவியோடு மனசுக்குள் அக்கா என்று பேசுகிற அளவுக்கு ஒரு பழக்கம் ஆகியிருந்தது.

“அத்தை” என்றார் மாப்பிள்ளை, “கப்பல் காலத்துலயே போல்ட்டெல்லாம் இப்படிப் பளபளன்னு வந்துடுச்சா?”

வார்னிஷ் அவரை முறைத்தார். “பிடிங்க மாப்பிள்ளை, பேசாதீங்க. மூச்சு வாங்கும்.”

தலைமாட்டுப் பலகை சுவரை விட்டு வந்தது. பின்னால் சுவர் நீலமாக இருந்தது. அறைக்கு எத்தனையோ முறை வண்ணம் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கட்டிலை நகர்த்தக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். “பழசை அசைச்சா மூட்டு விட்டுடும்” என்பார். கட்டிலுக்குப் பின்னால் மட்டும் மகள் தவழ்ந்த காலத்து நீலம் அப்படியே இருந்தது.

பலகையைத் திருப்பிச் சாத்தினார்கள். அவள் பார்த்தாள்.

கீழ்மூலையில் இரண்டு ஓட்டை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அதற்குக் கீழே ஒன்று.

துளைத்துத் துளைத்து அலுத்துப்போகும்போது அவள் ஒரு குறும்பு செய்வாள். பலகையின் பின்பக்கம், யாரும் பார்க்காத மூலையில், ஒரு முகம் போடுவாள். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு, நடுவே மூக்கு, கீழே வளைந்த சிரிப்பு. எல்லாம் வண்டு ஓட்டை. ஊரில் பாதி பணக்காரர்களின் தலைமாட்டுக்குப் பின்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கு மட்டும் தெரிந்த நகைச்சுவை என்று நினைத்திருந்தாள்.

உட்கார்ந்தாள். கண்கள் இருந்தன, மூக்கு இருந்தது. சிரிப்பைக் காணோம். நகத்தால் அந்த இடத்தைச் சுரண்டினாள். பழுப்பு மெழுகு பெயர்ந்து வந்தது. உள்ளே ஓட்டை. பக்கத்தில் சுரண்டினாள். இன்னொன்று. கண்களிலும் ஓரத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. காய்ந்து தானாக உதிர்ந்திருக்கிறது.

“மாப்பிள்ளை, போய் டீ குடிச்சுட்டு வாங்க” என்றாள். அவர் போனார்.

“வார்னிஷ்.”

“சொல்லுங்க அண்ணி.”

“பாப்பா தவழ்ந்துக்கிட்டிருந்தப்ப, மூட்டு தளர்ந்துடுச்சுன்னு இதைக் கடைக்குக் கொண்டுபோனாரு. அப்ப ஒரு தலைமாட்டுப் பலகை குடுத்து ஓட்டை போடச் சொன்னாரு. ஓட்டலுக்குன்னு சொன்னாரு.”

வார்னிஷ் ஸ்பேனரைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“நம்ம கட்டில் எங்க போச்சு?”

“லாரி வந்துச்சு அண்ணி. ஏத்தினாங்க. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்னாரு. நான் கேக்கல.”

“இந்தப் பள்ளம்?”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நான்தான் தேய்ச்சேன். உங்க கை அளவுக்குப் போடுன்னு சொன்னாரு. உங்க வளையல் ஒண்ணக் கொண்டாந்து காட்டினாரு.”

வளையலைத் தேடி அன்று வீட்டையே புரட்டிப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவரும்தான் கூடச் சேர்ந்து தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார்.

“மெழுகும் நீதானா?”

“ஐயோ, மெழுகு நான் வைக்கல. அண்ணி, பசங்க மேல சத்தியம். எனக்கு இந்த மூஞ்சியே இப்பதான் தெரியும்.”

அதை அவள் நம்பினாள். பாலிஷ்காரன் வைத்த மெழுகானால் இப்படிக் காய்ந்து உதிராது. இது கைப்பழக்கமில்லாத ஆள் அவசரமாக வைத்தது. கடைக்காரர் குனிந்து, அவள் போட்ட முகத்தைப் பார்த்து, அது என்னவென்று புரிந்துகொண்டு, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்திருக்கிறார். ஊரார் வீட்டுக்குப் போனதையெல்லாம் திறந்தபடி விட்டவர், அவளுக்கென்று வந்ததை மட்டும் அடைத்திருக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அதில் படுத்துத் தூங்கியும் இருக்கிறார்.

“வேற கட்டில் கொண்டாரட்டுமா அண்ணி? கடையில பித்தளைக் குமிழ் வச்சது ஒண்ணு…”

“அது எந்தக் கேப்டனோடது?”

வார்னிஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

கொண்டை ஊசியை எடுத்து மிச்ச மெழுகையும் குத்தி எடுத்தாள். ஒன்று விடாமல் எடுத்தாள். ஊதித் தூசியைப் போக்கினாள். சிரிப்பு முழுசாக வந்துவிட்டது. பிறகு எழுந்து, புடவையை உதறிக்கொண்டு சொன்னாள்:

“இதையே போடுங்க. தலைமாடு வாசல் பக்கம் இருக்கட்டும்.”

“வாசல் பக்கமா? உள்ள வர்றவங்களுக்குப் பலகையோட பின்பக்கம்தானே அண்ணி தெரியும்?”

“தெரியட்டும்.”

கூடத்தில் கட்டிலைப் பூட்டி அவரை ஏற்றினார்கள். கம்பீரமாகத்தான் இருந்தார், விலை சொல்லிவிட்டு எதிராளி யோசிப்பதைப் பார்க்கிற முகம். உள்ளே வந்தவர்களெல்லாம் முதலில் பலகையைத்தான் பார்த்தார்கள். மூலையில் ஒரு கண் பெரிசாக, ஒரு கண் சிறிசாக அது அவர்களைப் பார்த்துச் சிரித்தது. வாடிக்கையாளர்கள் சிலர் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், மாலையை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கிளம்பினார்கள்.

கண் டாக்டரம்மா மட்டும் உட்கார்ந்தாள். உட்கார இருந்தது ஒரேயொரு பிளாஸ்டிக் நாற்காலி. மாப்பிள்ளை அதை இழுத்துப் போட்டார். ஊருக்கே கண் பார்த்தவள், அவரிடம் வாங்கிய எதையும் பின்பக்கம் பார்த்ததில்லை.

“அட, இதே மூஞ்சி எங்க வீட்டுக் கட்டில்லயும் இருக்கு! என் பையன் கண்டுபிடிச்சான். கட்டில் சிரிக்குதும்மான்னு சொல்லுவான்.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “‘என் பொண்டாட்டி படுத்த கட்டில், உங்களுக்காகத்தான் தர்றேன்’னு சொல்லிக் குடுத்தாரு. அவ்வளவு பெரிய மனசு.”

“ஆமா” என்றாள் கடைக்காரரின் மனைவி. “நிறையப் பேருக்குக் குடுத்திருக்காரு.”

“இது அதோட ஜோடியா?”

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். பக்கச் சட்டத்தில் தேய்ந்திருந்த பள்ளத்தைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற வார்னிஷையும் ஒருமுறை பார்த்தாள்.

“ஜோடிதான். கப்பல் கேப்டனோடது.”

டாக்டரம்மா முன்னால் சாய்ந்தாள். குரல் இறங்கியது.

“அவரு… உயிர் போனது இதுலயேதானா?”

“இதுலயேதான். தூக்கத்துல. இதோ, இந்தப் பள்ளத்துல கை வச்சபடியே.”

“ஐயோ.” டாக்டரம்மா அந்தப் பள்ளத்தை ஒரு விரலால் தொட்டாள். “இதை வேற யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா.”

“பாக்கலாம்” என்றாள் அவள்.

வார்னிஷ் வெளியே போனார்.

கடைக்காரர் காலையில் உயிரை விட்டது, டாக்டரம்மா உட்கார்ந்திருந்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்.