ஸ்டேபிள் என்றால் என்ன

1

இந்தக் கதை ஓர் ஆங்கிலப் பெயரடையிலிருந்து பிறந்தது. வித்யாலட்சுமி என்னிடம் இதைச் சொன்னாள்; எழுதச் சொல்லவில்லை. பெயரை மாற்றியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: "தாசரஹள்ளியில் அன்று விடாத மழை…" [இல்லை. நல்ல வெயில்.]

இரண்டாவது: பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த கோவிந்தராஜன் ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் பக்கத்திலேயே சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. நடந்தது இதுதான் என்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அவர் மனைவி சொர்ணத்துக்கு அந்த ஊர்க் கன்னடமும் வராது, இங்கிலீஷும் வராது. மாடி வீட்டு வித்யாதான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போனாள். மூன்றாம் நாள் காலை, ஐ.சி.யூ.விலிருந்து டாக்டர் வெளியே வந்தார்.

"ஸ்டேபிள் இத்தாரெ," என்றார்; ஸ்டேபிளாக இருக்கிறார் என்று, கன்னடத்தில். போய்விட்டார்.

"இன்னாம்மா சொல்றாரு?"

வித்யா ஒரு நொடி யோசித்தாள். [யோசிக்கவே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.]

"நல்லா இருக்காராம்க்கா."

சொர்ணம் சுவரில் சாய்ந்து, மூன்று நாளில் முதல் தடவையாக அழுதாள். "சௌம்யாகிட்ட இன்னும் சொல்லவே இல்லம்மா. சேலத்துல பரீட்சை எழுதிட்டு இருக்கா. வரச் சொல்லட்டுமா?"

"முடிச்சிட்டே வரட்டும்க்கா. ரெண்டு பேப்பர்தானே."

மறுநாள் மத்தியானம் கோவிந்தராஜன் இறந்தார். மகள் சௌம்யா வந்து பார்த்தது ஐஸ் பெட்டியில்.

3 (அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது)

ஸ்டேபிள்: 'நிற்றல்' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. குதிரை நிற்கும் லாயத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். மேசை ஸ்டேபிளாக இருக்கும். ஆட்சி ஸ்டேபிளாக இருக்கும். ஆஸ்பத்திரியில் மட்டும் அதற்கு 'இப்போதைக்கு மாற்றமில்லை' என்று பொருள். சாகக் கிடப்பவரும் ஸ்டேபிளாக இருக்கலாம்.

வித்யா இதையெல்லாம் படித்தது காரியம் முடிந்த பிறகு. "அப்படியே இருக்காரு" என்றிருந்தால் போதும். தமிழில் இரண்டே சொல்.

4

ஒரு வரைவில் அவளை அப்படிச் சொல்லவைத்தேன். சௌம்யா மாலைக்குள் வந்து அப்பாவின் கையைப் பிடிக்கிறாள், அவர் விரல்கள் மெல்ல… கிழித்துவிட்டேன். வித்யா நிம்மதியாகத் தூங்கட்டும் என்று நான் எழுதிய பக்கம் அது.

நடந்ததைச் சொல்கிறேன். பதினாறாம் நாள் கழிந்து சௌம்யா மாடிக்கு வந்தாள்.

"அக்கா, டாக்டர் என்ன வார்த்தை சொன்னாரு? அதே வார்த்தையச் சொல்லுங்க."

"ஸ்டேபிள்."

சௌம்யா படிப்பது நர்ஸிங். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் படியேறி வந்த சொர்ணம், "அப்டின்னா இன்னாடி?" என்றாள்.

வித்யாவைப் பார்த்தபடியே சௌம்யா சொன்னாள்: "நல்லா இருக்காருன்னுதாம்மா."

5

இங்கேயே முடித்திருக்கலாம். அது மன்னிப்பு என்று வாசகர் நிம்மதியாகப் போயிருப்பார். [மன்னிப்பா? அம்மாவுக்காகச் சொன்னது.] சௌம்யா அதன்பின் வித்யாவிடம் பேசவில்லை. சொர்ணமோ, கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் எந்தக் கடிதம் வந்தாலும் மேலே எடுத்துவருகிறாள். "நீ படிச்சு சொன்னாதாம்மா எனக்கு நம்பிக்கை," என்கிறாள்.

இன்று காலையும் வந்திருக்கிறாள். வித்யா கடிதத்தை வாங்கி, பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு டாக்டர் சொன்னது—" என்று ஆரம்பிக்கிறாள்.

அடுத்த வரியை எட்டு முறை எழுதி அடித்துவிட்டேன். சொன்னால், மகளைக் கூப்பிடாமல் விட்ட பாரத்தில் பாதி சொர்ணத்தின் தலையில் ஏறும். சொல்லாவிட்டால்…

என்னால் ஆகவில்லை. சொர்ணம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், அல்லது கடிதத்தைப் பிரியுங்கள்.